பார்சல் பெட்டிக்குள் நாற்பது கால்

பெத்ரொசவோத்ஸ்க்
11 செப்டம்பர் 1988

அன்புள்ள ரோத்யா,

இன்று முதல் நடந்ததை நடந்தபடி, உண்மையாக, உனக்கு எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ரயில் நிலையத்தில் நீ கேட்டது அதுதானே. பயனியர் சிறுவர் மன்றத்துக் கம்ப்யூட்டர் வட்டத்தின் பதிவேட்டையும் இந்த ஆண்டு என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குச் செயலாளர் பதவியா என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். கையெழுத்து யாருக்கு நன்றாக இருக்கிறது என்று வட்டத்தின் பொறுப்பாளர் தமாரா அர்காத்யெவ்னா கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது. நீ நலமா? பைக்கால் ஏரிக்கு அந்தப் பக்கம், உன் படை முகாமில், இப்போதே பனி உறையும் என்கிறாள் அம்மா. பூட்ஸுக்குள் காலில் துணியைச் சுருக்கமில்லாமல் சுற்றிக்கொள்ளச் சொன்னாள்.

உன் பெட்டி நன்றாக ஓடுகிறது. சகாலின் அத்தை மீன் அனுப்பிய பார்சல் பெட்டிக்குள் அண்ணன் ஒரு கம்ப்யூட்டரே கட்டி வைத்திருக்கிறான் என்றால் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. சூடேறினால் இன்னும் மீன் வாசம் வருகிறது. நேற்று மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. நான் படித்த புத்தகங்களின் பட்டியல் 163 வரை ஏறி, அணைத்தாலும் அழியாதபடி கேசட்டிலும் பதிந்துவிட்டேன்.

மன்றத்தில்தான் சங்கடம். பின்லாந்து நட்பு நகரத்தார் பரிசாகத் தந்த கம்ப்யூட்டருக்கு, நம் 'பின்லாந்துக்காரி'க்கு, உடம்பு சரியில்லை. இந்த ஆண்டு ஆளுக்கு அரை மணி நேரம் என்று மாற்றியிருக்கிறார்கள். இருபதாவது நிமிடம் வந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. எந்த விசைக்கும் அசைவதில்லை. அணைத்துக் காத்திருந்து போட்டால் மறுபடி இருபது நிமிடம். மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "யாரும் தொடக் கூடாது. அதுக்குக் கையெழுத்துப் போட்டவ நான்" என்றார் தமாரா அர்காத்யெவ்னா. அவர் அவ்வளவு வேகமாகச் சொன்னது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும் தங்கை,
ரிம்மா


படை அஞ்சல்
2 அக்டோபர் 1988

தோழர் செயலாளர் ரிம்மா அவர்களுக்கு,

சிப்பாய் ரோதியோனின் வணக்கம். நலமாக இருக்கிறேன், பசியோடு இருக்கிறேன், இரண்டும் இங்கே ஒன்றுதான். அம்மாவின் முழங்காலுக்குக் கம்பளித் துணி கட்டச் சொல். ரேடியோ அறையில் வேலை கிடைத்திருப்பதால் துப்பாக்கி துடைப்பதைவிடக் கம்பி ஒட்டுவதே அதிகம்.

163 புத்தகமா? கண்ணாடி போட வேண்டி வரும், யாரும் கட்டிக்க மாட்டார்கள்.

பின்லாந்துக்காரியைப் பற்றிக் கவலைப்படாதே. மின்சாரம் கொடுக்கும் டப்பா சூடாகியிருக்கும். ஜன்னலோரம் நகர்த்தி வைத்து, பழையபடி ஆளுக்குக் கால் மணி என்று வைத்துக்கொள்ளச் சொல். உள்ளே பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

நம் பெட்டியையும் திறக்காதே. அம்மாவின் நகச் சாயத்தை நான்கு ஸ்குரூவிலும் பூசியிருக்கிறேன். யார் திருகினாலும் சாயம் விரிசல் விட்டு எனக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.
ரோத்யா


பெத்ரொசவோத்ஸ்க்
16 அக்டோபர் 1988

அன்புள்ள ரோத்யா,

உன் கடிதம் வந்தது. அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நாங்கள் நலம். முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. நீ ஒல்லியாகிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பின்லாந்துக்காரியைத் திறந்தார்கள். டிவி பழுதுபார்க்கும் கூடத்திலிருந்து விகென்தி பாவ்லொவிச் என்ற பொறியாளரை மன்ற இயக்குநர் வரவழைத்தார். வாயில் சூரியகாந்தி விதையை மென்றுகொண்டே வேலை செய்கிறவர். பதிவேடு எழுத என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்.

ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விசைப்பலகையிலிருந்து இரண்டு மெல்லிய நாடாக்கள் கீழே போகின்றன. அவற்றை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். அடியில் ஒரு பச்சைப் பலகை. அதன் மேல் வெள்ளிக் கோடுகள் மேலேயிருந்து பார்த்த நகரத் தெருக்கள் மாதிரி ஓடுகின்றன. ஒரே மாதிரி எட்டுச் சிப்புகள் ஒரு வரிசையில் நின்றன. அதுதான் நினைவகமாம். டிவிக்குப் போகும் ஒயர் ஒரு தகர டப்பாவிலிருந்து வருகிறது. நடுவில் எல்லாவற்றையும்விட நீளமாக, பக்கத்துக்கு இருபது என்று நாற்பது கால்களோடு, பிராசஸர். கணக்கெல்லாம் போடுவது அதுதான். மற்றதெல்லாம் பலகையோடு ஈயத்தால் ஒட்டியிருக்க, அது மட்டும் கழற்றி மாட்டும்படி ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது.

விகென்தி பாவ்லொவிச் அதை விரலால் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"இது பின்லாந்துலேர்ந்து வந்தது இல்லியே" என்றார்.

அந்த ஒரு சிப்பில் மட்டும் கிழக்கு ஜெர்மனித் தொழிற்சாலையின் குறி. வேலை ஒன்றுதான், ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம். ஆனால் மேற்கில் கால்களின் இடைவெளியை அங்குலத்தில் அளக்கிறார்களாம், அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நம் அணி நாடுகளில் மில்லிமீட்டர், சரியாக இரண்டரை. பக்கத்துப் பக்கத்துக் கால்களில் பார்த்தால் வித்தியாசம் ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. இருபது கால் தாண்டிக் கடைசிக்குப் போனால் முக்கால் மில்லிமீட்டர். அதனால் இந்தச் சிப்பின் ஓரக் கால்கள் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றன. "குட்டையன் ஒருத்தன் ரெண்டு படகுல காலை வெச்சு நிக்கற மாதிரி நிக்குது பாரு" என்று என்னிடம் காட்டினார். யாரோ நல்ல சிப்பை எடுத்துக்கொண்டு, சூடு தாங்காத மட்டச் சிப்பை இடுக்கியால் காலை அகட்டித் திணித்திருக்கிறார்கள்.

இயக்குநர் தமாரா அர்காத்யெவ்னாவைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன், ரோத்யா. அறைச் சாவி அவரிடம்தான். ஜூலையில் லெனின்கிராத் போய் வந்தார். அங்கே ரேடியோ உதிரிச் சந்தையில் மேல்நாட்டுச் சிப்பு என்றால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீதான் சொன்னாய். செப்டம்பரில் பளபளவென்று புதிய பூட்ஸில் வந்தார். திறக்க வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. திறக்காதே என்கிறவரிடம்தான் அதற்குக் காரணம் இருக்கும்.

உன் எண்ணத்தை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.
ரிம்மா


படை அஞ்சல்
3 நவம்பர் 1988

ரிம்மா,

உனக்கும் அம்மாவுக்கும் நவம்பர் ஏழு, அக்டோபர் புரட்சித் திருநாள் வாழ்த்து. நலம்தான். விரல் ஒன்று வீங்கியிருப்பதால் கையெழுத்து இப்படி.

தமாரா அர்காத்யெவ்னாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதாதே. வாயாலும் சொல்லாதே. அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே, மூன்று வருடம் அவரிடம் படித்தவன் நான். சிப்பு பின்லாந்தில் செய்யும்போதே மாறிப் போயிருக்கலாம். எல்லை தாண்டும்போது மாறியிருக்கலாம். எத்தனையோ வழி இருக்கிறது. நீ துப்பறிகிறவள் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

பனிக்காலம் வந்துவிட்டது, தொப்பியின் காதை இறக்கிக் கட்டு.
ரோ.


பெத்ரொசவோத்ஸ்க்
17 நவம்பர் 1988

அன்புள்ள ரோத்யா,

விரல் எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் காட்டினாயா? அம்மா வாத்துக் கொழுப்பு அனுப்பப் பார்க்கிறாள். எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை, ஏரி ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கூட்டம் பதினொன்றாம் தேதியே நடந்துவிட்டது. பொய் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று இயக்குநர் கேட்டார். நான் எழுந்து சாவி, லெனின்கிராத், பூட்ஸ், திறக்க வேண்டாம் என்றது, நான்கையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை. அப்போது அதைப் பெருமையாக நினைத்தேன்.

தமாரா அர்காத்யெவ்னா கடைசி வரை கேட்டார். பிறகு, கோபம் இல்லாமல், பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்: "ரிம்மா, நீ பாத்ததைச் சொன்னியா, நெனச்சதைச் சொன்னியா?"

நான் பதில் தேடுவதற்குள் இயக்குநர் அடுத்ததைப் பேச ஆரம்பித்துவிட்டார். விசாரணை முடியும் வரை தமாரா அர்காத்யெவ்னா வட்டத்துக்கு வரக் கூடாது என்று முடிவாயிற்று. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். பதிவேட்டையும் இயக்குநர் வாங்கிக்கொண்டார். இப்போது அறையைக் காவலாளி திறந்து மூடுகிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறோம்.

மூத்த மாணவன் என்று உனக்கும் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார்கள் என்று பையன்கள் சொன்னார்கள். அதை எந்தத் தேதியில் திருப்பிக் கொடுத்தாய்? வரிசை சரியாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ரிம்மா


பெத்ரொசவோத்ஸ்க்
18 டிசம்பர் 1988

ரோத்யா,

நீ நலம் என்று தெரியும். அம்மாவுக்கு வந்த புத்தாண்டு வாழ்த்தைப் படித்தேன். அம்மாவின் முழங்கால், சகாலின் அத்தை, பக்கத்து வீட்டுப் பூனை வரை விசாரித்திருக்கிறாய். எனக்கு 'ரிம்மாவுக்கும் வாழ்த்து' என்று ஒரு வரி. கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லை. நான் கடிதம் போட்டு ஒரு மாதமாகிறது.

பதிவேட்டை இயக்குநர் திருப்பிக் கொடுத்தார். நான் எழுதியதை மட்டும்தான் இதுவரை புரட்டியிருக்கிறேன். இந்த முறை பின்னால் போனேன். உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு நாளும் கடைசியில் வெளியேறுகிறவர் நேரத்தை எழுதி, விளக்கை அணைத்ததையும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும், பொறுப்பாளர் பக்கத்தில் கையெழுத்திடுவார். கோடை விடுமுறைக்கு முந்தின கடைசிப் பக்கம் தமாரா அர்காத்யெவ்னாவின் கையெழுத்தில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

'ஜூன் 4, சனி. ரோதியோன், தனியாக. தன் கேசட்டுகளை எடுக்க. 5.10 முதல் 6 வரை. சாவி திரும்பப் பெறப்பட்டது. விளக்குகள் அணைக்கப்பட்டன.'

இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் அவர் எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மே மாதத்தில் நம் பெட்டியும் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே குளிரட்டும் என்று வலைப்பையில் தொங்கும் முக்கோணப் பால் பொட்டலத்தை எடுத்துப் பெட்டி மேல் வைப்பாய். "பால் குடிச்சாத்தான் வேலை செய்யும், கன்னுக்குட்டி" என்பாய். அம்மா பாலைத் தேடுவாள். நீ போன பிறகு ஒருநாள்கூடப் பால் தேவைப்படவில்லை. இதை நான் செப்டம்பரிலேயே உனக்கு எழுதினேன், மூன்று மணி நேரம் ஓடியது என்று. எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

நான் பெட்டியைத் திறக்கலாமா? விடுமுறையில் திறக்கலாம் என்றிருக்கிறேன்.

நலமாக இரு.
ரிம்மா


தந்தி
3 ஜனவரி 1989

பெட்டியைத் திறக்காதே. கடிதம் வருகிறது. நலம். ரோத்யா


பெத்ரொசவோத்ஸ்க்
8 ஜனவரி 1989

ரோத்யா,

அம்மா நலம், நான் நலம். உன் தந்தியை அம்மா கையில் வாங்கவே இல்லை. தந்தி என்றாலே அவளுக்குச் சாவுச் செய்திதான். படித்துக் காட்டியதும், "காசு குடுத்துத் தந்தி அடிச்சு விளையாடற வயசா இவனுக்கு" என்று திட்டிவிட்டு, அப்படியே உட்கார்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஐந்து நாள் காத்திருந்தேன். கடிதம் வரவில்லை. திறக்காதே என்கிறவரிடம்தான் காரணம் இருக்கும் என்று தமாரா அர்காத்யெவ்னாவைப் பற்றி எழுதியவள் நானே. அதே வாக்கியத்தை உனக்கு மட்டும் எப்படி மாற்றுவது?

இன்று அம்மா வேலைக்குப் போன பிறகு திறந்தேன். நீ சொன்னது சரிதான், சாயம் முதல் திருகலிலேயே விரிசல் விட்டது. நான்கு சிவப்புத் துணுக்குகள் மேஜை விரிப்பில் விழுந்தன. மூடியின் உட்புறம் இன்னும் அத்தையின் முகவரி இருக்கிறது. 'உடையும், கவனம்' என்று ஊதாப் பென்சிலில்.

உள்ளே பார்த்தேன். பின்லாந்துக்காரியின் பலகை மாதிரி அழகாக இல்லை. நீ அமிலத்தில் அரித்த பலகை பழுப்பாக இருக்கிறது, கோடுகள் சில இடத்தில் தடித்து, சில இடத்தில் அறுந்து, அறுந்த இடத்தை ஒயரால் கட்டியிருக்கிறாய். ஒவ்வொரு கட்டும் உன் கை என்று தெரிகிறது. இத்தனையையும் நீயே செய்தாய் என்று நினைத்தபோது உன் மேல் எனக்கு மரியாதை வந்தது. அடுத்த நிமிடம் அழுகை வந்தது.

நடுவில் நாற்பது கால் சிப்பு. கிழக்கு ஜெர்மனிக் குறி இல்லை. அங்குலத்துச் சிப்பு நம் ஊர் மில்லிமீட்டர்ச் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஓரக் கால்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. குளிரில் ஒடுங்கி நிற்கிற மாதிரி. விகென்தி பாவ்லொவிச் மட்டும் அன்று காட்டித் தராமல் இருந்திருந்தால் பார்த்தும் எனக்குப் புரிந்திருக்காது.

நான் அதைத் தொடவில்லை. மூடியைத் திரும்பத் திருகினேன். நகச் சாயப் புட்டி அம்மாவின் அலமாரியில்தான் இருக்கிறது, மறுபடி பூசிவிட்டால் உனக்குக்கூடத் தெரியாது.

பூசவில்லை.
ரிம்மா


படை அஞ்சல்
14 ஜனவரி 1989

ரிம்மா, என் தங்கையே,

பதினொரு நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழிக்கிறேன். உடம்பு நலம், அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு.

நீ திறந்திருப்பாய். எனக்குத் தெரியும்.

மே முப்பதாம் தேதி நீ 112 புத்தகத்தைத் தட்டி முடித்தாய். கேசட்டில் பதிவதற்கு முன் பெட்டி நின்றுவிட்டது. நீ கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "பரவால்ல, மறுபடி அடிச்சுக்கறேன்" என்றாய். ஒரு வாரத்தில் நான் ரயில் ஏற வேண்டும். இரண்டு வருடம் அந்தப் பெட்டி உன்னோடு இருக்க வேண்டும், பால் பொட்டலம் வைக்க நான் இருக்க மாட்டேன். சந்தையில் வாங்கிய சிப்பு கழிசல் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மன்றத்தில் ஆளுக்குக் கால் மணி. ஒருவர் எழுந்தால் அணைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போடுவார்கள். இருபது நிமிடத்தை அது எட்டவே எட்டாது, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று கணக்குப் போட்டேன். அரை மணி ஆக்குவார்கள் என்று கணக்கில் வரவில்லை. தமாரா அர்காத்யெவ்னா கணக்கில் வரவே இல்லை.

இப்போது ஒரே வழிதான். பின்லாந்துக்காரியின் மூடியில் சாயம் கிடையாது. காவலாளி தேநீர் குடிக்கப் போகும் நேரம் பத்து நிமிடம் போதும். நல்ல சிப்பை அங்கே வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடு. அது ஓட ஆரம்பித்தால் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அவரையும் திரும்பக் கூப்பிடுவார்கள். என் பெயர் வெளியே வந்தால் படைப்பிரிவிலிருந்து நற்சான்று கிடைக்காது, அது இல்லாமல் மின்னணுக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. உனக்கே தெரியும், எனக்கு வேறு எதுவும் வராது.

செய்வாயா? செய்யாவிட்டாலும் நீ என் தங்கைதான்.

ரோத்யா


பெத்ரொசவோத்ஸ்க்
10 பிப்ரவரி 1989

அன்புள்ள ரோத்யா,

நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று முன்பைவிட அதிகமாக விரும்புகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

உன் கடிதத்தை நான்கு நாள் என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நீ சொன்னபடி செய்யலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். காவலாளி எத்தனை மணிக்குத் தேநீருக்குப் போகிறார் என்றுகூடப் பார்த்து வைத்தேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது. சிப்பு தானாகத் திரும்பி வந்தால் யாரும் மறக்க மாட்டார்கள். எடுத்த தமாரா அர்காத்யெவ்னாவே பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார் என்பார்கள். பதிவேட்டில் அப்படித்தான் ஏறும். எழுதுகிறவள் நான்.

அம்மாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைச் சீவி முடித்து, தண்ணீரில் போட்டாள். "போய்ச் சொல்லு. ஆனா அவன் பேரை மொதல்ல சொல்லாத. உன் பேரைச் சொல்லு மொதல்ல" என்றாள். பிறகு ஈரக் கையோடு உன் படத்தை எடுத்துத் துடைத்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன்.

இன்று விசாரணையின் கடைசிக் கூட்டம். காலையிலேயே சிப்பை நானே கழற்றினேன். ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன். நாற்பது கால்களையும் சாக்லேட்டின் வெள்ளித் தாளில் குத்தி, கையுறைக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

தமாரா அர்காத்யெவ்னா வந்திருந்தார். பெட்டகச் சாவி, பொருள் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போக. அதே பூட்ஸ்தான். இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்ததால் நன்றாகப் பார்த்தேன். பழைய பூட்ஸ், ரோத்யா. அடி மாற்றி, கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார். மடிப்பில் பழுப்புத் தெரிகிறது. செப்டம்பரில் நான் பளபளப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மா சொன்ன வரிசையில் சொன்னேன். என் பெயர், பிறகு என் புத்தகப் பட்டியல், பிறகு நவம்பரில் நான் சொன்ன நான்கும் ஒவ்வொன்றாக ஏன் தவறு என்பது, கடைசியில் உன் பெயர். கையுறையிலிருந்து சிப்பை எடுத்து மேஜையில் வைத்தேன். விகென்தி பாவ்லொவிச் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "உள்ளே மடங்கியிருக்கு. சரிதான், நம்ம ஊர் மில்லிமீட்டர்ச் சாக்கெட்டுல இருந்ததுதான்" என்றார்.

இயக்குநர் நிறையப் பேசினார். உன் படைப்பிரிவுக்கு எழுதப் போகிறாராம், திங்கட்கிழமை. என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. நீ முதலில் என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இன்றே இதை எழுதுகிறேன். நீயும் அவருக்கு எழுது. அவர் கடிதம் வந்து சேரக் காத்திருக்காதே.

தமாரா அர்காத்யெவ்னா என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. பின்லாந்துக்காரியின் மூடியைக் கழற்றி, இடுக்கியை என் பக்கம் தள்ளினார். "கையைத் தொடச்சுக்கோ. காலை ஒண்ணொண்ணா நிமித்து. முறிஞ்சா வேற கிடையாது." ஓரத்தில் பன்னிரண்டு கால்கள் நிமிர்த்த வேண்டியிருந்தது. அரை மணி ஆயிற்று. என் நெற்றி வியர்வை பலகையில் விழாமல் அவர்தான் கைக்குட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்.

போட்டதும் ஓடியது. இருபதாவது நிமிடத்தில் எல்லோரும் திரைப் பக்கம் குனிந்தோம். இருபத்தைந்தில் விகென்தி பாவ்லொவிச் விதைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். ஐம்பது நிமிடம் ஓடவிட்டோம். செவ்வாய்க்கிழமையிலிருந்து வரும்படி இயக்குநர் தமாரா அர்காத்யெவ்னாவைக் கேட்டார். "யோசிக்கணும்" என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் அவரிடம், "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நவம்பர்ல உன்னை ஒண்ணு கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரல."

"நெனச்சதைச் சொன்னேன்."

"அதை எழுது" என்று பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

ஜூன் நான்காம் தேதிப் பக்கத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

வீட்டில், பின்லாந்துக்காரியிலிருந்து எடுத்த உன் பழைய சிப்பை நானே பெட்டியில் பொருத்திவிட்டேன். கால்கள் மறுபடி தங்கள் அளவில் நேராக நிற்கின்றன. பால் பொட்டலம் மேலே இருக்கிறது. இருபது நிமிடம் எனக்குப் போதும், பதினைந்துக்கு ஒருமுறை கேசட்டில் பதிந்துகொள்வேன். பட்டியல் 181 ஆகிவிட்டது. ஸ்குரூவில் சாயம் பூச மாட்டேன், நீ வந்து எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

அம்மா உன்னை முத்தமிடுகிறாள். நானும்.

ரிம்மா

பி.கு. பதிவேட்டில் இன்று எழுதியதை அப்படியே எழுதுகிறேன். நவம்பரிலிருந்து பொறுப்பாளர் கட்டம் காலியாகவே இருந்தது. நான் எழுதி முடித்ததும் தமாரா அர்காத்யெவ்னா பேனாவை வாங்கி அதில் கையெழுத்திட்டார், பிறகு எழுந்துபோய்ச் சுவர் ஓரம் விளக்கு விசையருகே நின்றார்.

'பிப்ரவரி 10, வெள்ளி. நவம்பர் 11 அன்று செயலாளர் ரிம்மா கூறியவை அவள் கண்டவை அல்ல, நினைத்தவை. அவை தவறு. இயந்திரம் ஐம்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. மாலை 7.40. விளக்குகள் அணைக்கப்பட்டன.'